பச்சைச் சாடி

காயல்பட்டினத்தில் பெண்ணைப் பெற்றவன் முதலில் செங்கல்லைத்தான் நினைக்க வேண்டும். அங்கே மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பதுதான் வழக்கம். நகை குறைந்தால் முகத்தைச் சுளித்துவிட்டு விட்டுவிடுவார்கள். சீர் குறைந்தால் நாலு பேச்சுப் பேசிவிட்டு மறந்துவிடுவார்கள். பெண்ணுக்கென்று ஒரு வீடு இல்லாவிட்டால் மாப்பிள்ளையை எங்கே கொண்டுபோய் இருத்துவது, தென்னை மரத்திலா?

காஜா முகைதீனுக்கு ஒரே பெண், ஹவ்வா. மனைவி மௌத்தாகிப் பல காலம் ஆகிவிட்டது. வாப்பாவும் மகளும் மனைவியின் அக்கா வீட்டில் ஓர் ஓரத்து அறையில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு காலத்தில் அவர் கொழும்பில் மாணிக்கக் கல் கடை வைத்திருந்தவர்தான். கல்லுக்குள் கீறல் இருந்தால் வாங்க வந்தவனிடம் தானே வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார். அப்படிப்பட்ட கடை எத்தனை நாள் ஓடும்? ஓடிய மட்டும் ஓடி நின்றது. ஊர் திரும்பியபோது அவரிடம் மிச்சமிருந்தது நல்ல மனிதர் என்ற பெயர் ஒன்றுதான். அந்தப் பெயரை வைத்து யாரும் சுவர் எழுப்ப முடியாது.

ஹவ்வாவுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வேறு யாருமில்லை, அவருடைய அக்கா, மரியம் லாத்தாவின் மகன் முகம்மது சுல்தான். அவனும் கொழும்பில் ஒரு கல் கடையில் வேலையில் இருந்தான். குறைவாகப் பேசுகிற பையன். கட்டப்போகிற வீட்டின் வாசல் கதவுக்கென்று ஒரு பித்தளைப் பூட்டை வாங்கி, தெரிந்த ஆள் மூலமாகக் கொடுத்து அனுப்பியிருந்தான். கதவு இல்லை, சுவர் இல்லை, அஸ்திவாரம்கூட இல்லை. பூட்டு மட்டும் வந்துவிட்டது. ஹவ்வா அதை வாரம் தவறாமல் புளி போட்டுத் துலக்கி வைப்பாள். பெரியம்மா பார்த்துச் சிரிப்பாள். ஹவ்வா கண்டுகொள்ள மாட்டாள்.

ஊருக்குக் கடைசியில், மனைவி வழியில் வந்த ஒரு துண்டு மணல்மேடு இருந்தது. அங்கே சின்னதாக ஒரு வீடு கட்டப் போதுமான பணத்தைக் காஜா முகைதீன் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்திருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழாம் வருஷம், ஆனி மாதக் காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், நேசையா அஸ்திவாரக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். ஆத்தூர்ப் பக்கத்து ஆள். கிணறு வெட்டுவதும் அஸ்திவாரம் பறிப்பதும் அவர் தொழில்.

"மொதலாளி, பைய இங்கன வாங்க. மம்பட்டி எதுலயோ முட்டுது."

கையால் மண்ணைத் தள்ளிப் பார்த்தார்கள். பச்சை மெருகு போட்ட சீனத்துச் சாடி. அந்தக் கடற்கரையில் அந்த மாதிரி ஓட்டுச் சில்லுகள் காலில் குத்தும், ஆனால் முழுச் சாடியை யாரும் கண்டதில்லை. வாயை அரக்கு வைத்து அடைத்திருந்தது. அரக்கைப் பெயர்த்தால் உள்ளே மூடியாக ஒரு சிப்பி. சிப்பிக்குக் கீழே தொட்டவுடன் பொடியாகிற பட்டுத் துணி. துணிக்குள் பொன்.

நேசையா ஒரு பெருமூச்சு விட்டார். தெருப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் ஒண்ணும் பாக்கல மொதலாளி. மம்பட்டிதான் பாத்துச்சு. அது வாயில்லாச் சீவன்."

காஜா முகைதீன் ஒரு காசை எடுத்துக் கைலியில் துடைத்தார். காசு நிறைய அரபி எழுத்து. பழைய எழுத்து, கொம்பும் சுழியும் வேறு மாதிரி இருந்தன. உதட்டை அசைத்து ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். கலிமா. அல்லாஹ்வின் பெயரும் ரசூலின் பெயரும். குழிக்குள் நின்றிருந்த காலைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். காசைக் கண்ணில் ஒற்றினார். அதற்குப் பிறகுதான் அது தங்கம் என்பதே அவர் புத்திக்கு எட்டியது.

வீட்டில் ஹவ்வா தொழுகைக்குப் போல் கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து, புதுப் பாயை விரித்து, காசுகளைத் தாம்பாளத்தில் போட்டுக் கழுவினாள். காசுகளோடு ஒரு சின்னத் தங்கக் காப்பும் கிடந்தது. காசுகளைத் துடைத்துத் துடைத்து வைத்தவள், அந்தக் காப்பை மட்டும் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பச்சப்புள்ளையுள்ளது வாப்பா" என்றாள்.

காஜா முகைதீன் அதை வாங்கி விரலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார். அவருக்கு அப்போது காசில் இருந்த எழுத்துத்தான் பெரிதாக இருந்தது.

சேதி கேட்டு மரியம் லாத்தா முடுக்கு வழியாக மூச்சு இரைக்க வந்து சேர்ந்தாள். அந்த ஊரில் ஆண்கள் நடக்கத் தெரு, பெண்கள் நடக்க வீடுகளின் முதுகுப் பக்கம் முடுக்கு. முடுக்கில் சேதிக்குக் கால் அதிகம்.

"காஜா, எம்புள்ள தலையெழுத்த அல்லா மாத்திட்டான். மாடி வச்சே கட்டிருலாம். நாளைக்கே தட்டானக் கூப்புட்டு உருக்கச் சொல்லு."

"கலிமா எழுதியிருக்கு லாத்தா."

"உருக்குனா எழுத்து எங்க இருக்கு?"

"உருக்குத முந்தி இருக்கே" என்றார் காஜா முகைதீன். லாத்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கொழும்புக் கடை எப்படி மூடப்பட்டது என்பது அவளுக்கும் தெரியும்.

அவர் நேரே, மார்க்கச் சட்டம் தெரிந்த ஆலிம்சாவிடம் போனார். ஆலிம்சா காசை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் திருப்பினார். அறுநூறு வருஷத்துக்கு முந்தி, பாண்டியன் மக்கள் இருவர் பட்டத்துக்காக அடித்துக்கொண்ட காலத்துப் பொருளாக இருக்கும் என்றார். அண்ணன் படையும் தம்பி படையும் மாறி மாறி ஆற்றங்கரையோடு இறங்கி வந்தபோது, காயலில் குதிரை வியாபாரம் செய்தவர்கள் கிடைத்த தோணியில் ஏறி ஓடினார்களாம். கொண்டுபோக முடியாததை மண்ணில் புதைத்தார்களாம். "புதைச்சவங்க திரும்பி வரணும்னுதானே புதைச்சிருப்பாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"இப்ப இது யாருக்குச் சேரும் ஆலிம்சா?"

"மீனும் மாடும் போட்ட பாண்டியன் காசா இருந்தா, அஞ்சுல ஒரு பங்கு ஜகாத்துக் கொடுத்துட்டு மீதிய நீங்க எடுத்துக்கலாம். இதுல கலிமா இருக்கு. அப்ப இது ஒரு முஸ்லிம் தொலைச்ச பொருள். ஒரு வருஷம் பள்ளிவாசல்ல அறிவிக்கணும். யாரும் வந்து அடையாளம் சொன்னா கொடுத்துரணும். வரலைன்னா நீங்க செலவழிச்சுக்கலாம். அதுக்குப் பொறவும் உரியவன் வந்தா, பதில் சொல்ல வேண்டியது நீங்கதான்."

ஒரு வருஷம்தானே என்றார் காஜா முகைதீன். அறுநூறு வருஷம் வராதவன் இனியா வரப்போகிறான்? மரியம் லாத்தாவும் முணுமுணுத்துவிட்டுச் சம்மதித்தாள். சுல்தானும் பொறுத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினான். எல்லோருக்கும் மனதுக்குள் மாடி வைத்த வீடு எழும்பிக்கொண்டிருந்தது.

முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து கூட்டம் கலைகிற நேரம் பள்ளிவாசல் கதவோரம் நின்று காஜா முகைதீன் குரல் கொடுத்தார். "ஒரு பொருள் மண்ணிலிருந்து கிடைச்சிருக்கு. தொலைச்சவங்க யாரும் இருந்தா வந்து அடையாளம் சொல்லி வாங்கிக்கலாம். அல்லாஹ்வுக்காகச் சொல்லுதேன்." ஊரே நின்று பார்த்தது. சலாம் சொல்ல மறந்துபோயிருந்த பெரிய வீட்டுக்காரர்கள்கூட அன்றைக்கு அருகே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால், அவர் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமான நாள் இன்னொன்று இல்லை. கொழும்பில் அவர் தோற்றதற்கெல்லாம் அன்றைக்குப் பதில் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

உரிமை கொண்டாடவும் ஆட்கள் வந்தார்கள். ஒருவர் வெண்கலச் செம்பு என்றார். ஒருவர் தேக்குப் பெட்டி என்றார். சோனகர் தெருக்காரர் ஒருவர், தன் பாட்டனாருக்குப் பாட்டனார் கனவில் வந்து சொன்னதாகத் தோல்பை என்றார். காஜா முகைதீன் எல்லோருக்கும் மரியாதையாகப் பானகம் கொடுத்து அனுப்பினார். சாடி, அரக்கு, சிப்பி எல்லாம் அவருக்கும் ஹவ்வாவுக்கும் நேசையாவுக்கும் மட்டுமே தெரியும். நேசையாவிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். மம்பட்டியைப் போலவே அவரும் இருந்தார்.

நாலைந்து வெள்ளி போயிருக்கும். கிராமக் கணக்கப்பிள்ளை அம்பலவாணன் இரண்டு போலீஸ்காரர்களோடு வந்து வாசலில் நின்றார்.

"மரைக்காயரே, புதையல் எடுத்தீராமே?"

"ஆமா. ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன்."

"ஊருக்கெல்லாம் சொன்னீரு. சர்க்காருக்குச் சொல்லலையே வே!"

புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. காஜா முகைதீனுக்குத் தெரியாது. ஆலிம்சாவுக்கும் தெரியாது. அந்த ஊரில் கொழும்புச் சட்டமும் சரக்குக் கப்பல் சட்டமும் தெரிந்தவர்கள் உண்டு, பள்ளிவாசல் வாசலில் நின்று உரக்கச் சொன்ன ஒன்றை மறைத்ததாக யாராவது நினைப்பார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மறைக்க நினைக்கிறவன் கூவுவானா? ஆனால் சர்க்கார் ஜும்ஆவுக்கு வருவதில்லை.

சாடியைக் கொண்டுபோனார்கள். விசாரணை முடியும்வரை அந்த மண்ணில் செங்கல் வைக்கக் கூடாது என்றார்கள். இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க மணல்மேட்டைக் கண்டபடி தோண்டிப் போட்டார்கள்.

காஜா முகைதீன் மாட்டுவண்டி பிடித்துத் திருநெல்வேலிக்குப் பலமுறை போய் வந்தார். கொக்கிரகுளம் கலெக்டர் கச்சேரிக்கு முன்னால் தாமிரபரணியில் இறங்கி ஒளு செய்வார். கரைமேல் நின்று தொழுவார். பிறகு கூப்பிடுகிற வரைக்கும் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். வக்கீலுக்குக் கொடுத்தது, வண்டிக்குக் கொடுத்தது, கடைசியில் அபராதம் கட்டியது என்று வீட்டுக்காகச் சேர்த்த பணம் அந்த ஆற்றோடு போயிற்று. தெரிவிக்காமல் வைத்திருந்ததால் புதையல் முழுவதும் சர்க்காருக்கே என்று தீர்ப்பு. ஜெயில் இல்லாமல் விட்டதே பெரிய காரியம் என்றார் வக்கீல்.

அங்கே தேவசிகாமணி என்று பாளையங்கோட்டைக்காரக் குமாஸ்தா ஒருவர் இருந்தார். இரக்கமுள்ள மனிதர். தீர்ப்பு வந்த அன்றைக்குத் தள்ளாடி வெளியே வந்த காஜா முகைதீனின் பின்னாலேயே வந்தார்.

"அண்ணாச்சி, மொத நாளே ஒரு வரி எழுதிப் போட்டிருந்தா பெரும்பங்கு உங்களுக்கே வந்திருக்குமே. ஒரு வரி!"

குமாஸ்தா உள்ளே போய், வெறும் பச்சைச் சாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இது வேண்டாம்னுட்டாங்க. வெறும் மண்ணுதானே. நீங்களாவது கொண்டு போங்க." வண்டியில் வரும் வழியெல்லாம் அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அவர் மறுபடியும் கதவோரம் போய் நின்றார்.

"ஒரு பொருள் மண்ணிலிருந்து கிடைச்சிருக்கு..."

கூட்டம் திகைத்தது. ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான். ஆலிம்சா அவரைத் தனியே அழைத்துப் போனார். "முகைதீன் காக்கா, பொருள்தான் போயிருச்சே, இனி எதுக்கு?"

"வருஷம் முடியலையே ஆலிம்சா. பொருளத்தான் சர்க்கார் எடுத்துச்சு. பதில் சொல்லுத கடமைய எடுக்கலையே."

அன்று முதல் வெள்ளிதோறும் அவர் கூவினார். முதலில் சிரித்தார்கள், பிறகு பரிதாபப்பட்டார்கள், பிறகு அந்தக் குரல் யார் காதிலும் விழாமல் போயிற்று. அவருக்கு மட்டும் அது நாளாக ஆக அவசியமாயிற்று. அதையும் விட்டுவிட்டால் தன்னிடம் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

மரியம் லாத்தா பொறுத்துப் பார்த்தாள். அவளைக் குறை சொல்லி என்ன செய்ய? விதவை, நெஞ்சு வலிக்காரி, ஒரே மகன். மேலத்தெருவில் ஒரு கல் வியாபாரி, கதவு ஜன்னலெல்லாம் வைத்து முடித்த வீட்டோடு பெண் தருவதாகச் சொல்லி அனுப்பினார். லாத்தா வந்து தம்பியின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். காஜா முகைதீன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்து ஹவ்வா வந்தாள். கையில் துணியில் பொதிந்த பித்தளைப் பூட்டு.

"இதயும் கொண்டு போங்கோ மாமி. கதவு உள்ள வீட்டுல கெடக்கட்டும்."

அன்றைக்கு அவள் அழவில்லை. அவள் அழுதிருந்தால் காஜா முகைதீனுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். சுல்தானின் மாப்பிள்ளை ஊர்வலம் பைத்துப் பாட்டுப் பாடிக்கொண்டு தெருவில் போனபோது அவள் அடுக்களையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகுச் சத்தம் ஊர்வலம் கடந்து போகும்வரை நிற்கவே இல்லை. அவர் வாசல் கதவைச் சாத்திவிட்டு, அதன்மேல் சாய்ந்து நின்றார்.

வருஷம் முடிகிற கடைசி வெள்ளி வந்தது. மறுபடியும் ஆனிக் காற்று. காஜா முகைதீன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கதவோரம் நின்றார். ஒரு வருஷத்தில் குரல் கிழடுதட்டியிருந்தது.

"ஒரு பொருள் மண்ணிலிருந்து கிடைச்சிருக்கு. தொலைச்சவங்க யாரும் இருந்தா வந்து அடையாளம் சொல்லி வாங்கிக்கலாம். அல்லாஹ்வுக்காகச் சொல்லுதேன்."

"நான் இருக்கேன். தொலைச்சது நான்."

பெண் குரல். பள்ளிவாசல் மதிலை ஒட்டிய முடுக்கின் வாயிலிருந்து வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அங்கே துப்பட்டியைத் தலைமுதல் கால்வரை போர்த்தி ஒரு பெண் நின்றிருந்தாள். ஆண்கள் நடுவே ஒரு பெண் குரல் எழுப்புவது அந்த ஊரில் நடக்காத காரியம். சிலர் மரியாதைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிலர் திருப்பவில்லை.

காஜா முகைதீனுக்குக் குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. ஒரு அதட்டல் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம், எந்தத் தகப்பனும் அதைத்தான் செய்திருப்பான். ஆனால் வருஷம் முழுக்க அவர் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். உரிமை சொல்லி வந்தவரிடம் அடையாளம் கேட்க வேண்டும்.

"அடையாளம் சொல்லு" என்றார்.

"பச்சைச் சாடி. வாயில அரக்கு. அரக்குக்குள்ள ஒரு சிப்பி. சிப்பிக்குக் கீழ பட்டுத் துணி."

"துணிக்குள்ள?"

"கலிமா எழுதுன காசு. காசோட ஒரு சின்னக் காப்பு." கொஞ்சம் நிறுத்தினாள். "காப்புல ஒரு பக்கம் பல்லுத் தடம் இருக்கும். ரெண்டு பல்லு. புதுசா முளைச்ச பல்லு. அந்தப் புள்ள அத வாயில வச்சுக் கடிச்சிருக்கு."

காஜா முகைதீனுக்கு நினைவு வந்தது. அன்றைக்கு விரலில் சுற்றிப் பார்த்தபோது ஓரிடத்தில் நெருடியது. பழசு, தேய்ந்திருக்கும் என்று தாம்பாளத்தில் போட்டுவிட்டார். கல்லுக்குள் இருக்கும் கீறலை வெளிச்சத்தில் பிடித்துக் கண்டுபிடிக்கிற கண், அதைக் காணவில்லை. அறுநூறு வருஷத்துக்கு முந்திய ஒரு மனிதனுக்காக இத்தனை வெள்ளி கூவினாரே, அவன் யார், அவனுக்கு யார் இருந்தார்கள் என்று ஒரு நாளாவது நினைத்தாரா? படை வருகிறது என்று கேட்டு, பிள்ளையின் கையிலிருந்து காப்பைக் கழற்றிப் புதைத்த ஒரு வாப்பா. பிள்ளை இருந்தால்தானே திரும்ப வந்து எடுத்துப் போடுவதற்கு. ஹவ்வா நினைத்திருக்கிறாள். தான் கூவியதெல்லாம் அவனுக்காகவா, தன் பெயருக்காகவா என்று ஒரு கேள்வி அவர் நெஞ்சில் குத்தியது. குத்தியது குத்தியபடியே நின்றது.

"அடையாளம் சரி" என்றார்.

ஆலிம்சா தலையைக் குனிந்துகொண்டார். யாரும் சிரிக்கவில்லை. கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது.

வீட்டுக்கு வந்து பரணிலிருந்த சாடியை இறக்கித் துடைத்து, மகளின் முன்னால் வைத்தார். "இது மட்டுந்தான் என் கையில இருக்கும்மா" என்றார். "மன்னிச்சுக்கோ" என்று சொல்ல வாயெடுத்தார், முடியவில்லை. ஹவ்வா சாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு முடுக்கில் இறங்கி நடந்தாள். அவர் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார்.

மணல்மேட்டில் அஸ்திவாரக் குழிகள் அப்படியே வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. காற்று பாதியை மூடியிருந்தது. நேசையா விட்டுப்போன பழைய மம்பட்டி ஒன்று துருவேறித் தென்னையில் சாய்ந்திருந்தது. வாசல் வைப்பதாக இருந்த பக்கத்துக் குழியில் ஹவ்வா இறங்கி, சாடியை வைத்தாள். சாயாமல் இருக்கச் சுற்றிலும் மண்ணை அணைத்தாள். ஏறி வந்தாள்.

"மூடிருங்கோ வாப்பா. மழை பெஞ்சா தெரியாம யாரும் விழுந்துருவாங்க."

காஜா முகைதீன் மம்பட்டியை எடுத்தார். பழக்கமில்லாத கை, மணல் பாதி வெளியே சிதறியது. சாடியின் பச்சை மறைகிற வரைக்கும் ஹவ்வா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு துப்பட்டியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, பெரியம்மா வீட்டு ஓரத்து அறைக்குத் திரும்பினாள். அவர் மாலைத் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்கும்வரை மண்ணைத் தள்ளிக்கொண்டே இருந்தார்.